கருணை மனுவில் கையெழுத்து – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் தூக்குத்தண்டனையை எதிர்நோக்கியிருக்கும் ஒரு மலேசியத் தமிழருக்கான கருணை மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். என் அக்கா மகன் ஹெராயினால் செத்தவன். எனக்குக் கை வரவில்லை. தெரிந்துதானே கொண்டு போகிறார்கள்? நீதிமன்றம் எல்லாவற்றையும் பார்த்துத்தானே தீர்ப்பு சொல்கிறது? அதிபரும் எப்படியும் தள்ளுபடி செய்யத்தான் போகிறார். அப்புறம் எதற்கு இந்த மனு?

– ஒரு வாசகர், கிள்ளான்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அக்கா மகனை நினைக்கும்போது உங்களுக்கு வரும் கோபத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீதிமன்றம் எல்லாவற்றையும் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. பார்க்கச் சட்டம் விடுவதில்லை. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தியது நிரூபணமாகிவிட்டால் மரண தண்டனை கட்டாயம். அவன் யார், எப்படி இதில் மாட்டினான், திருந்துவானா என்பதையெல்லாம் எடைபோட நீதிபதிக்கு இடமில்லை. 2012இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வெறுமனே சுமந்து வந்தவர்தான் என்று நிரூபித்து, அதற்கு மேல் போதைக் கும்பலைப் பிடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழும் கொடுத்தால் ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். மனநலக் குறைபாடு உள்ளவருக்கு இன்னொரு வழி உண்டு, அதுவும் குறுகலானதுதான். இந்தச் சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கும்பலின் மேல்மட்டத்தை அறிந்தவனிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும், அடிமட்டத்தில் பொட்டலத்தைச் சுமப்பவனிடம் என்ன இருக்கும்? ஹெராயின் கடத்தியதாகத் தண்டிக்கப்பட்ட மலேசியத் தமிழர் பன்னீர்செல்வம் பரந்தாமன் வெறுமனே சுமந்து வந்தவர்தான் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் வரவில்லை. 2025 அக்டோபர் 8 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நாகேந்திரன் தர்மலிங்கத்தை உங்களுக்கு நினைவிருக்கும். ஈப்போ பையன். 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தோடு பிடிபட்டார், அதில் இருந்த ஹெராயின் 42.72 கிராம். அவருடைய அறிவுத்திறன் அளவு (IQ) 69, அதாவது சராசரியைவிட மிகக் குறைவு என்று ஒரு பரிசோதனை சொன்னது. செய்வது இன்னதென்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. சரி, தெரிந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட ஒருவரைக் கொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கிறது, அதைக் கேட்பதற்கு இருந்த ஒரே இடம் கருணை மனு. 2020இல் அது தள்ளுபடியானது. 2022 ஏப்ரல் 26 அன்று, தூக்குக்கு முதல் நாள், அவர் அம்மா கடைசியாக ஒரு மனுவோடு நீதிமன்றத்துக்குப் போனார், அதுவும் நிற்கவில்லை. விசாரணை முடிந்ததும் கண்ணாடித் தடுப்பில் இருந்த இடைவெளி வழியாகக் குடும்பத்தார் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் 'மா' என்று கதறியது நீதிமன்ற அறை முழுக்கக் கேட்டது என்று அங்கே இருந்த செய்தியாளர்கள் எழுதினார்கள். மறுநாள் விடியலில் எல்லாம் முடிந்துவிட்டது.

குற்றவாளி இல்லை என்று வாதாடுவது கருணை மனுவின் வேலை இல்லை. குற்றம் செய்திருக்கிறான், தண்டியுங்கள், உயிரை மட்டும் விடுங்கள் என்று கேட்பதுதான் அது. உங்கள் கோபத்தை வைத்துக்கொண்டே நீங்கள் இதைக் கேட்கலாம். கருணை காட்டினாலும் அந்த ஆள் ஆயுள் தண்டனையை அனுபவிக்கத்தான் போகிறார். சட்டத்தை யாரோ வெளியிலிருந்து வளைப்பதும் இல்லை. சிங்கப்பூர் அரசியலமைப்பிலேயே இருக்கிறது: மேல்முறையீடும் தள்ளுபடியான பிறகு நீதிபதிகளின் அறிக்கைகள் தலைமைச் சட்ட அதிகாரி வழியாக அமைச்சரவைக்குப் போகும், அமைச்சரவை சொல்லும் ஆலோசனைப்படி அதிபர் முடிவெடுப்பார்.

எப்படியும் தள்ளுபடிதான் என்கிறீர்கள். 1998இல், 18 வயதில் செய்த கொலைக்காகத் தூக்குக்குப் போகவிருந்த ஒரு தமிழ் இளைஞரின் தண்டனையை அதிபர் ஓங் டெங் சியோங் ஆயுளாகக் குறைத்தார். அதற்கப்புறம் 27 ஆண்டுகள் யாருக்கும் கிடைக்கவில்லை, அதனால் நீங்கள் நம்பிக்கை இழந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் அதிபர் தர்மன், போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவருக்கு ஆயுளாக மாற்றிக் கொடுத்தார். உடன் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைத்த முடிவுக்கும் இவருக்குக் கிடைத்ததற்கும் இடையே இருந்த பெரிய வித்தியாசத்தைக் குறைப்பதற்காக என்று காரணமும் சொல்லப்பட்டது. அதே ஆண்டில்தான் பன்னீர்செல்வமும் தூக்கிலிடப்பட்டார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இனி யாரும் 'கொடுக்கவே மாட்டார்கள்' என்று சொல்ல முடியாது.

உங்கள் நாட்டையே பாருங்கள். 2023 ஜூலையில் மலேசியா கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது. முடிவு நீதிபதி கைக்கு வந்தது, ஏற்கெனவே தண்டனை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மறுஆய்வு கேட்க வழி திறந்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ 1983இலேயே, ஆயுள் கைதி செய்யும் கொலைக்குக் கட்டாயத் தூக்கு என்றிருந்த சட்டப்பிரிவைச் செல்லாது என்று தூக்கிப்போட்டது. ஹெராயினால் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்த நாடுகளிலும் உண்டு.

கையெழுத்துப் போடுவதோடு தனியாக ஒரு கடிதமும் எழுதுங்கள் என்பேன். சிங்கப்பூர் அதிபருக்கு, மரியாதையாக, ஒரு பக்கத்துக்குள். தீர்ப்பைக் குறை சொல்ல வேண்டாம், சிங்கப்பூரைத் திட்டவே வேண்டாம், அது அந்தக் கைதிக்குத்தான் கெடுதல். உங்கள் அக்கா மகனைப் பற்றி எழுதுங்கள். ஹெராயினுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்த குடும்பத்திலிருந்து கேட்கிறேன், இவருக்கு ஆயுள் தண்டனை போதும் என்று எழுதுங்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் எழுத வேண்டாம், உங்கள் கையெழுத்து மட்டும் போதும்.