டெங்குவுக்கு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

டெங்கு வந்த உங்கள் மகனுக்கு, வாட்ஸ்அப்பில் வந்த மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். "இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது, வயிறுதான் வலிக்கிறது என்கிறான், கேஸ் மாத்திரை கொடுத்தேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் மகனை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மிச்சத்தை வழியில் படித்துக்கொள்ளலாம்.

டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, அது இறங்கும்போது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், 24 முதல் 48 மணி நேரத்துக்கு, நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியும். கல்லீரல் வீங்கும், வயிற்றுக்குள் நீர் கோக்கும். விடாத வயிற்று வலி அதன் அறிகுறி, கேஸ் அல்ல. இளம் வயதுக்காரர்களிடம் இது ஏமாற்றும்: மேல் ரத்த அழுத்தம் சரியாகவே காட்டும், கீழ் அழுத்தம் ஏறி இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 20-க்கு வந்துவிடும். கைகால் சில்லிடும். பையன் பேசிக்கொண்டுதான் இருப்பான். அதற்குப் பிறகு சரிவு வேகமாக இருக்கும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும், வாந்தி நிற்கவில்லை என்றாலும், அரைத்தூக்கமாகக் கிடந்தாலும் இதே கதைதான்.

தட்டணு (பிளேட்லெட்) 74,000 என்று மூன்று இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணைவிட, அதே ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்காமல் விட்ட ஹீமடோகிரிட்டைப் பாருங்கள், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு அது, பி.சி.வி. என்றும் போட்டிருப்பார்கள். முதல் நாள் 38 இருந்தது இன்று 46 ஆகியிருந்தால் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். ரத்தம் கெட்டிப்படுகிறது, நீர் கசிகிறது என்று அர்த்தம். ரத்தக் கசிவு இல்லாதவருக்குத் தட்டணு 10,000-க்குக் கீழே போகும்வரை பொதுவாகத் தட்டணு ஏற்றுவதில்லை. ஏற்றுங்கள் என்று டாக்டரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

இனி வாட்ஸ்அப்பில் வந்த ஐவர்மெக்டின், டாக்ஸிசைக்ளின், ஃபேவிபிராவிர் கூட்டணி. வேண்டாம். எச்.ஐ.வி.யிலும் ஹெபடைட்டிஸ் சி-யிலும் கூட்டு மருந்துகள் ஜெயித்தது உண்மைதான். அந்தக் கிருமிகள் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குபவை. மருந்து வேலை செய்ய அவகாசம் உண்டு. டெங்கு வைரஸோ ஐந்தாம் நாளில் தானாகவே வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். இப்போது நடக்கும் கசிவுக்கு உடலின் எதிர்வினையே முக்கியக் காரணம். வைரஸைத் தடுக்கும் மருந்து எதுவானாலும் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் பயன் இருக்க வாய்ப்பு. வியட்நாமில் குளோரோகுயின், பாலபிராவிர், லோவாஸ்டாட்டின் என்று ஒவ்வொன்றாக நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. தாய்லாந்தில் ஐவர்மெக்டின் கொடுத்தபோது ரத்தத்தில் இருக்கும் டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதம் கொஞ்சம் சீக்கிரம் மறைந்தது. நோயாளியின் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை. டெங்குவில் பலன் நிரூபிக்கப்படாத அந்த வாட்ஸ்அப் மருந்து மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் கல்லீரலுக்குத்தான் சுமை. டாக்ஸிசைக்ளின் பாக்டீரியா மருந்து. உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது டாக்டரே எழுதுவார்.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது வேறொரு கூட்டு மருந்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி இரண்டு நாளாகக் கொடுக்கிறீர்களே, அந்த அட்டை. ஐபுபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325 என்று நீங்களே பார்த்து எழுதியிருக்கிறீர்கள். டெங்குவில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. இருக்கிற தட்டணுக்களையும் வேலை செய்யவிடாது, இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், நீர்ச்சத்து குறைந்த சிறுநீரகத்தையும் தாக்கும். அதை நிறுத்துங்கள். திரும்பக் காய்ச்சல் வந்தால் 58 கிலோ உள்ளவருக்குத் தனிப் பாராசிட்டமால் 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம்.

கைகாலில் அரிக்கும் சிவப்புத் தடிப்பு தானாக அடங்கும். வெள்ளணு குறைவது டெங்குவில் வழக்கம். பப்பாளி இலைச் சாறு கசிவை நிறுத்தாது, குடித்து வாந்தி எடுத்தால் நஷ்டம்தான்.

மருத்துவமனையில் ட்ரிப்ஸை மணிக்கு, கிலோவுக்கு 5 முதல் 7 மி.லி. என்ற கணக்கில் தொடங்கி, ஹீமடோகிரிட்டைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பார்கள். வேகமாக ஏற்றச் சொல்லி சிஸ்டரை நச்சரிக்காதீர்கள். கசிந்த நீர் இரண்டு நாளில் ரத்தத்துக்கே திரும்பும், அப்போது அதிகப்படியாக ஏற்றியது நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணற வைக்கும். கிளம்பும்போது எல்லா ரிப்போர்ட்டையும், அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது மாத்திரை போட்டான், எப்போது சிறுநீர் போனான் என்பதையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.