ஒன்றரை டன் என்பது எடையா?

கேள்வி: மேல்தளத்தில் இருக்கும் எங்கள் 10-க்கு 12 அடி படுக்கையறைக்கு ஏசி வாங்கப் போனேன். ‘ஒன்றரை டன், மூன்று ஸ்டார், இன்வெர்ட்டர்’ என்று விற்பனையாளர் அடுக்கினார். தலை சுற்றியது. வீட்டில்தான் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?
- மதுரை வாசகர்

பதில்: இன்வெர்ட்டரிலிருந்தே தொடங்குகிறேன், பலரும் ஏமாறும் இடம் அது. வீட்டு இன்வெர்ட்டர், மின்சாரம் போனால் பேட்டரியில் மின்விசிறியை ஓட்டுவது. ஏசியில் இருப்பது, குளிரூட்டும் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு ஏற்பாடு. பழைய ஏசியில் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும், அறை குளிர்ந்ததும் நிற்கும், மறுபடி ‘டக்’கென்று உறுமிக் கிளம்பும். இன்வெர்ட்டர் ஏசியிலோ வேகம் தணிந்து சீராக ஓடிக்கொண்டிருக்கும். இரவு முழுக்கப் போடுபவருக்கு யூனிட் மிச்சம். ஆனால் மின்சாரம் போனால் இதுவும் நின்றுவிடும்.

டன், பெட்டியின் எடையல்ல. ஐஸ் கட்டியால் குளிரூட்டிய காலத்துக் கணக்கு அது: 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுவே ஒரு டன். வாட்டில் சொன்னால் சுமார் 3,517. ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் வர வேண்டும். கடையில் லேபிளைக் குனிந்து படியுங்கள். 4,800, 5,000 என்றும் இருக்கும். எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றரை டன்தான்! (இது வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, இழுக்கும் மின்சாரம் இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.) 120 சதுர அடிக்கு வழக்கமாக ஒரு டன் போதும். உங்களுக்கோ தலைக்கு மேல் மொட்டை மாடி. மதுரை வெயில் வேறு. ஒன்றரை டன் சொன்ன விற்பனையாளரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்டார் என்பது மின்சாரச் சிக்கனத்துக்குத் தரும் மதிப்பெண். அதை மட்டும் எண்ணாதீர்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள்; பழைய இருப்பின் ஐந்து ஸ்டார், புதிய கணக்கில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கலாம். லேபிள் எந்தக் காலத்துக்கு உரியது என்று பாருங்கள். அதிலேயே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. அதாவது தினம் எட்டு மணி நேரமாக 200 நாள். நீங்கள் கோடையில் மூன்று மாதம் மட்டும் இரவில் போடுபவர் என்றால் அதில் பாதிகூட வராது. ஐந்து ஸ்டாருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பி வர வெகுகாலம் ஆகும். மூன்று ஸ்டாரே போதும்.