பாதியில் நின்ற பி.காம்.

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. பெயர் போடாமல் பதில் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். படித்தேன். தன்னாட்சிக் கல்லூரி. நான்கு செமஸ்டர் முடிந்ததும் கல்யாணம். "மிச்சத்தை அங்கே போய் முடித்துக்கொள்ளலாம்" என்றார்கள். 2005இல் நியூ ஜெர்சி வந்தேன். காஸ்ட் அக்கவுண்டிங், ஸ்டாடிஸ்டிக்ஸ் இரண்டும் அரியராகவே நிற்கின்றன. இப்போது எடிசனில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் உதவியாளர் வேலை, ஆறு வருடமாக. டீச்சர் லீவு போட்டால் பிள்ளைகள் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். ஆனால் அன்றைக்கு வெளியிலிருந்து ஒரு சப்ஸ்டிட்யூட் வந்து டீச்சர் நாற்காலியில் உட்காருவார். "நீங்களே ஏன் டீச்சராகக் கூடாது?" என்று பிரின்சிபல் கேட்டார். டிகிரி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

போன வருடம் கிரீன் கார்டு வந்தது. மகன் 11ஆம் வகுப்பு. அவன் காலேஜுக்குச் சேர்க்கிற நேரத்தில் உனக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். வகுப்புக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதிக் கல்லூரிப் பாடத்தை முடிக்கும் கிளெப் தேர்வு எழுதினால் செலவில்லாமல் சீக்கிரம் முடிக்கலாம் என்கிறாள் தோழி. ஐந்து தேர்வுக்கு இப்போதே பணம் கட்டிவிடட்டுமா? வேலை அனுபவத்துக்கே ஆறு மாதத்தில் டிகிரி தருகிறோம் என்று ஓர் இடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. 42 வயதில் இது நடக்குமா அக்கா?

— ஒரு வாசகி, எடிசன்

அன்புள்ள தங்கைக்கு,

நடக்கும். நான் முடித்ததும் இந்த வழியில்தான், அப்போது எனக்கு 38 வயது. அதனால் தெரிந்தவரை முழுதாகவே எழுதுகிறேன். முதலில் ஒன்று: அந்த ஐந்து தேர்வுக்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். தேர்வு கடைசியில் வர வேண்டிய விஷயம். நான் அதை முதலில் வைத்து அடிபட்டேன்.

யாரோ சொன்னதைக் கேட்டு நான்கு கிளெப் தேர்வை அடுத்தடுத்து எழுதினேன். நான்கிலும் தேறினேன். ஒரு பாடத்தை முடித்தால் இங்கே கிரெடிட் என்று ஓர் எண் தருவார்கள், அவற்றைக் கூட்டித்தான் டிகிரி. பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது, "12 கிரெடிட்டும் ஏற்கப்பட்டது" என்று கடிதம் வந்தது. அன்று வீட்டில் பாயசம். இரண்டு மாதம் கழித்து ஆலோசகர் என் டிகிரி ஆடிட்டை, அதாவது டிகிரிக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பட்டியலை, திரையில் திறந்து காட்டினார். 12 கிரெடிட்டும் பக்கத்தின் அடியில், ஃப்ரீ எலக்டிவ் (எந்தப் பாடமானாலும் சரி) என்ற கட்டத்தில் கிடந்தன. என் டிகிரிக்கு அந்தக் கட்டத்தில் 6 கிரெடிட் போதும். மீதி 6 எண்ணிக்கையில் இருக்கும், டிகிரிக்கு உதவாது. மேலே ஆங்கிலம், கணிதம், மேஜர் எனும் முதன்மைப் பாடம் என்று ஒவ்வொரு கட்டமும் காலியாகவே இருந்தது. அந்தத் திரையை நான் மறக்கவில்லை.

கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு, டிகிரிக்குக் கணக்கில் எடுப்பது வேறு. இந்த நாட்டில் கல்லூரி மாறுகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே அந்த நிலை. அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். எந்த வேலை, அதற்கு எந்த டிகிரி, அந்த டிகிரியில் எந்தக் கட்டம் காலி, அந்தக் கட்டத்தை எந்தத் தேர்வு நிரப்பும், இந்த வரிசையில்.

உங்களுக்கு வேலை தெரிந்திருக்கிறது, அது பாதிப் பாரம் குறைந்த மாதிரி. நியூ ஜெர்சியில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக ஒரு பேச்சலர் டிகிரி வேண்டும். அது லிபரல் ஆர்ட்ஸ் (மொழி, எகனாமிக்ஸ் மாதிரியான கலைப் பாடங்கள்) அல்லது அறிவியல் மேஜராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் துறைகளில் 60 கிரெடிட்டாவது இருக்க வேண்டும். இங்கேதான் உங்கள் பழைய மார்க் ஷீட்டைப் புதுக் கண்ணோடு பார்க்கச் சொல்கிறேன். பி.காம். படித்தவர்கள் அக்கவுண்டன்ஸி பேப்பர்களைத்தான் பெரிதாக நினைப்போம். பார்ட் ஒன் தமிழும் பார்ட் டூ ஆங்கிலமும் மார்க்குக்காக எழுதியவை, அவ்வளவுதான் என்று இருப்போம். ஆசிரியர் வேலைக் கணக்கில் அது தலைகீழ். அக்கவுண்டன்ஸி லிபரல் ஆர்ட்ஸில் சேராது. தமிழ் சேரும், ஆங்கிலம் சேரும், எகனாமிக்ஸ் சேரும். என் மதிப்பீட்டு அறிக்கை வந்தபோது முதல் வரியே தமிழ்தான். நன்னூல் சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்ததற்கெல்லாம் இந்த ஊரில் கிரெடிட் என்று ஒரு எண் போட்டிருந்தார்கள். சமையலறையில் நின்றபடியே அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன்.

அந்த அறிக்கைக்குத்தான் முதல் செலவு. வெளிநாட்டுப் படிப்பை இங்கத்திய கிரெடிட்டாக மாற்றிச் சொல்ல வெஸ் மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் போகும் நிறுவனம் நேசஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராக உள்ளதா என்று பாருங்கள், பெரும்பாலான கல்லூரிகள் அதைத்தான் கேட்கும். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பீர்கள் என்று கல்லூரியிடமே கேட்டுவிட்டுக் கட்டுங்கள். "கோர்ஸ் பை கோர்ஸ்" வகைதான் வேண்டும். வெறுமனே இந்தப் படிப்பு இதற்குச் சமம் என்று ஒற்றை வரியில் சொல்வது உங்களுக்கு உதவாது. டிகிரி முடியாவிட்டாலும் தேறிய ஒவ்வொரு பேப்பரும் தனித்தனியாக எண்ணப்படும். அரியர் இரண்டும் எண்ணப்படாது, அதோடு சரி. அதற்காக மதுரைக்குப் போய் எழுத வேண்டாம், மீதி இரண்டு செமஸ்டரும் பாக்கி இருக்கும்போது அந்த இரண்டு பேப்பரை மட்டும் எழுதிப் பயன் இல்லை.

இங்கே பேச்சலர் டிகிரி என்பது 120 கிரெடிட். ஒரு பாடம் சாதாரணமாக 3 கிரெடிட், ஆக 40 பாடம். உங்கள் நான்கு செமஸ்டர் 50ஐ ஒட்டி வரும் என்பது என் உத்தேசம். அது 60ஐத் தொட்டாலே நியூ ஜெர்சியில் சப்ஸ்டிட்யூட் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் டீச்சர் லீவு போடும் நாளில் அந்த நாற்காலியில் உட்கார டிகிரி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது கல்லூரி. உங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்தவரின் பெயரிலேயே ட்ரென்டனில் தாமஸ் எடிசன் ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்கிறது. வேலை பார்க்கும் பெரியவர்களுக்காக நியூ ஜெர்சி மாநிலம் 1972இல் தொடங்கியது. அதே மாதிரி நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய எக்செல்சியர் 1971, கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் 1973. மூன்றும் ஒரே நோக்கத்தோடு வந்தவை: வேறு இடத்தில் படித்ததையும் தேர்வில் தேறியதையும் தாராளமாக எண்ணுவது. மற்ற கல்லூரிகள் பல, கடைசி 30 கிரெடிட்டையாவது தங்களிடம் எடுக்கச் சொல்லும். இந்த மூன்றில் அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை அந்த வருடத்துக் கேட்டலாக்கில் (கல்லூரியின் விதிகளும் பாடங்களும் உள்ள கையேட்டில்) பாருங்கள், மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் சேரும் தேதியில் உள்ள கேட்டலாக்கை பிடிஎஃபாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் போனில் எதைச் சொன்னாலும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் கேளுங்கள்.

இப்போது கிளெப். காலேஜ் போர்டு 1967 முதல் நடத்தும் தேர்வு, 34 பாடங்கள். பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரம், கொள்குறி வகை. 20 முதல் 80 வரை மதிப்பெண், பொதுவாக 50 வந்தால் கிரெடிட். கட்டணம் 100 டாலருக்குச் சற்றுக் கீழே, தேர்வு மையம் தனியாகக் கொஞ்சம் வாங்கும். அதே 3 கிரெடிட்டை அரசுப் பல்கலைக்கழகத்தில் வகுப்பில் உட்கார்ந்து எடுத்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இந்தப் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பாடத்தை முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் தருகிறார்கள். தோழி சொன்ன "செலவில்லாமல்" அதுவாகத்தான் இருக்கும்.

தேர்வு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பயம் குறையும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். போன், கைப்பை எல்லாம் லாக்கருக்குள். பென்சிலும் வெள்ளைத் தாளும் அவர்களே தருவார்கள். எந்தக் கல்லூரிக்கு ஸ்கோரை அனுப்ப வேண்டும் என்று அந்தச் சமயத்திலேயே சொன்னால் ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்புவார்கள். முதல் தடவை எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலே எழுதினேன், பின்னால் பணம் கட்டி அனுப்பினேன். முடித்துப் பொத்தானை அழுத்தியதும் ஸ்கோர் திரையிலேயே வந்துவிடும். காலேஜ் காம்போசிஷன் மாதிரி கட்டுரை எழுதும் தேர்வுகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். தவறினால் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம்.

உங்களுக்கு எந்தப் பாடம்? எஜுகேஷனல் சைக்காலஜி, ஹியூமன் குரோத் அண்ட் டெவலப்மென்ட் இரண்டும் பட்டியலில் உண்டு. ஆறு வருடம் ஏழு வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவருக்கு அந்தப் புத்தகத்தில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். அமெரிக்க வரலாறும் உண்டு. 11ஆம் வகுப்பு மகன் ஏபி வரலாறு, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் வரலாறு, படிக்கிறானா? படித்தால் அவன் புத்தகமே உங்களுக்கும் போதும். ஆக்ட்ஃபல் என்ற மொழி கற்பித்தல் அமைப்பின் வாய்மொழித் தேர்வு தமிழிலும் இருக்கிறது. தமிழ் பேசத் தெரிந்ததற்குக் கிரெடிட் உண்டா, உண்டென்றால் எந்தக் கட்டத்தில் என்று கல்லூரியிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் 120இல் மீதி இருக்கும் 70 கிரெடிட்டையும் தேர்வாலேயே அடைக்கப் பார்க்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மலிவு என்ற சொல் கண்ணைக் கட்டிவிடும். தேர்வில் வாங்கும் கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது, கிரேடுகளின் சராசரியான ஜிபிஏவில் சேராது. ஆசிரியர் சான்றிதழுக்கு நியூ ஜெர்சி 3.0 ஜிபிஏ கேட்கிறது. வகுப்பில் எடுத்த பாடம் நான்கே நான்கு என்றால், ஒரே ஒரு சி கூட உங்கள் ஜிபிஏவைக் கீழே இழுத்துவிடும். அதனால் கணிதம், அறிவியல், எழுத்து மாதிரியானவற்றை எடிசனிலேயே இருக்கும் கம்யூனிட்டி கல்லூரியான மிடில்செக்ஸ் கல்லூரியில் மாலை வகுப்பில் எடுங்கள். நாளைக்கு வகுப்பில் நின்று பின்னக் கணக்கு சொல்லித் தரப் போகிறவர் நீங்கள். சொல்லித் தருபவர் ஒருவர் முன்னால் மாணவியாக உட்காருவது உங்களுக்கே பிடிக்கும்.

கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவம் நிரப்பலாம், மகனுக்கு நிரப்புவதற்கு முன்பே உங்களுக்கு. குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் என்றால் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணத்தை மாநிலமே ஏற்கும் திட்டம் இருக்கிறது, செமஸ்டருக்கு 6 கிரெடிட்டாவது எடுக்க வேண்டும். கணவரின் வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் இருந்து இதைப் படிக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் படிக்க விசா மாற்ற வேண்டியதில்லை. மத்திய அரசின் உதவித்தொகைதான் கிடைக்காது. கிளெப் எழுதத் தடை ஏதும் இல்லை.

ஆறு மாத டிகிரிக்காரர்களின் போனை எடுக்காதீர்கள். அக்ரெடிடேஷன் எனும் தர அங்கீகாரம் இல்லாத இடத்தின் தாளை எந்தப் பள்ளி மாவட்டமும் வாங்காது. அமெரிக்கக் கல்வித் துறையின் இணையப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்வது சரியல்ல, ஆனாலும் சொல்கிறேன். 20 வருடத்துக்கு முன்னால் "அங்கே போய் முடித்துக்கொள்ளலாம்" என்று உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்கள். நீங்கள் கேட்பது புதுச் செலவு இல்லை, அந்த வாக்கு. அந்த வார்த்தையிலேயே வீட்டில் சொல்லிப் பாருங்கள். கல்லூரி மாணவர் விவரங்களைத் திரட்டும் நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் கணக்குப்படி 2021இல் இந்த நாட்டில் கல்லூரியில் சேர்ந்து முடிக்காமல் விட்டவர்கள் 4 கோடிப் பேர். பிரின்சிபல் முன்னால் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இரண்டு வருடம் முடித்திருக்கிறேன், மீதியை முடிக்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். பள்ளி மாவட்டங்கள் சில, ஊழியர் படிப்புக்கு உதவுகின்றன. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று அவரிடமே கேட்கலாம்.

இந்த வாரம் செய்ய ஒரே ஒரு வேலை. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் உங்கள் டிரான்ஸ்கிரிப்டுக்குக் கல்லூரியிலேயே உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மதுரையில் இருக்கும் அண்ணன் தம்பி யாரையாவது அங்கே போகச் சொல்லுங்கள். கவரை அவர்களே ஒட்டி, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். நடுவில் யாரும் பிரிக்கக் கூடாது. போகிறவர் கேட்கும் முதல் விவரம் உங்கள் ரெஜிஸ்டர் நம்பராக இருக்கும். பழைய மார்க் ஷீட்டின் மேல் வரியில் இருக்கிறது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா