வானிலை வினா-விடை: தொட்டபெட்டாவில் ஏன் பனிப்பொழிவு இல்லை?

கேள்வி: காஷ்மீரின் குல்மார்க்கும் நம் தொட்டபெட்டாவும் ஏறத்தாழ ஒரே உயரம் என்று என் மகன் சொல்கிறான். அங்கே பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள்; இங்கே தை மாதத்தில் புல்வெளி வெளுப்பதோடு சரி. வடதுருவக் குளிர் தெற்கே இறங்குவதாகத் தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அது நீலகிரிக்கும் வருமா?
- வாசகி, காந்தல், உதகை

பதில்: மகன் சொல்வது சரிதான். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனால் குல்மார்க் 34ஆவது வட அட்சரேகையிலும் நாம் 11ஆவது அட்சரேகையை ஒட்டியும் இருக்கிறோம். தமிழகத்தின் மேல் காற்று பூஜ்ஜியம் டிகிரிக்குக் குளிர்வது சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில்தான் என்பதால், மேகத்தில் உருவாகும் பனித்துகள்கள் தொட்டபெட்டாவை எட்டுவதற்கு முன்பே உருகி மழைத்துளிகளாகிவிடுகின்றன.

இன்னொரு காரணம், நம் மலையில் ஈரமும் கடுங்குளிரும் ஒரே இரவில் சேர்ந்து வருவதில்லை என்பதாகும். வடகிழக்குப் பருவமழையின்போது வானத்தை மூடியிருக்கும் மேகம், தரை இழக்கும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் குளிர் ஓர் அளவோடு நிற்கிறது. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவுகளில் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி இழந்து உறைநிலைக்குப் போகிறது. அப்போது பொழிவதற்கு மேகம் இருப்பதில்லை. தரையை ஒட்டிய காற்றிலுள்ள சிறிதளவு ஈரம் மட்டும் புல் நுனியில் உறைபனியாகப் படிகிறது. குல்மார்க்கிலோ குளிர் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்றுச் சுழற்சிகள் இமயத்தில் மோதுகின்றன.

வடதுருவத்தைச் சுற்றி வீசும் உயர்வானக் காற்று வளையம் குலையும்போது உறைகுளிர் வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இறங்குவது உண்மை. 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரியானது அப்படித்தான். ஆனால் இமயமும் திபெத்திய மேட்டுநிலமும் அந்தக் காற்றைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே, உதகையில் உறைபனி விழும்போதெல்லாம் ஆர்க்டிக்கின் மீது பழி போடுவது பொருத்தமன்று. அந்தக் குளிரை நம் மலையே உண்டாக்கிக்கொள்கிறது.

கேள்வி: வீட்டுத் திண்ணையில் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டிய காலையில், பள்ளத்திலிருந்த தேயிலை கருகிவிட்டது, மேட்டுத் தோட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டில் அல்லவா குளிர் அதிகமாக இருக்க வேண்டும்?
- சிறு விவசாயி, இத்தலார்

பதில்: பகலில் நீங்கள் சொல்வதே சரி, தெளிந்த இரவில் கணக்குத் தலைகீழாகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது, மேடு தப்பித்துக்கொள்கிறது. திண்ணைக் கூரையும் சுவரும் வெப்பத்தைக் காக்கின்றன. திறந்த வெளியில் செடியின் இலையோ அந்த அளவைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். பள்ளத்தின் கீழ்விளிம்பில் அடர்ந்த வேலி இருந்தால், குளிர்காற்று வடிந்து போக அதில் இடைவெளி விடுங்கள். இளந்தளிருள்ள செடிகளை மாலையிலேயே தாகைச் செடியின் தழையால் மூடிவிடுவது நம் ஊரில் பலரும் செய்வதுதான். வெயில் ஏறிய பிறகு அதை எடுக்க மறக்க வேண்டாம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் விடியற்காலையில், இலை மீது வெயில் படும் முன்பே, ஸ்பிரிங்ளரால் தெளித்துப் படிந்த பனியைக் கரைத்துவிடலாம்.

கேள்வி: ஜனவரியில் குல்மார்க் செல்கிறோம். கொடைக்கானலில் நாங்கள் அணியும் ஸ்வெட்டர் போதுமா?
- வாசகர், பாம்பார்புரம்

பதில்: போதாது. அங்கே இரவில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. கேபிள் கார் சென்று சேரும் அபர்வத் மலைச்சரிவில் காற்றும் வீசுவதால் உடல் இன்னும் வேகமாக வெப்பத்தை இழக்கும். வியர்வையில் நனைந்த பருத்தி உடை உடம்பைச் சில்லிட வைக்கும் என்பதால், உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை உடை, நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட் என்று அடுக்காக அணியுங்கள். கையுறை, நீர் புகாத காலணி ஆகியவற்றை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். எங்கே தங்கினாலும், கொடைக்கானலிலும்கூட, அடைத்த அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.