பாம்பு வேடம் போட்ட விலாங்கு: கேள்வி பதில்

அந்தமானில் இடுப்பளவு நீரில் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதந்தேன். கருப்பு வெள்ளை வளையங்களோடு ஒரு பாம்பு மணலை முகர்ந்தபடி போனது. வால் ஊசிபோல் கூர்மை. அலறிக் கரையேறிவிட்டேன். உயிர் தப்பினேனா?

மீனைக் கண்டு ஓடியிருக்கிறீர்கள், ஐயா! நீங்களே சொன்ன அந்த வால்தான் சாட்சி. கடல்பாம்பின் வால் துடுப்புபோல் தட்டையாக இருக்கும். உடம்பில் செதில் உண்டு. மூச்சுவிட அது மேலே வந்தாக வேண்டும். நீங்கள் கண்டது செதிலில்லாத, செவுளால் மூச்சுவிடும் பாம்பு விலாங்கு. அறிவியல் பெயர் மிரிக்திஸ் கொலுப்ரினஸ். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை, ஆழமில்லாத மணல் திட்டுகளிலும் கடற்புல் வெளிகளிலும் வாழ்கிறது.

விஷம் உண்டா?

கிடையாது. பற்கள்கூட மழுங்கலானவை, நண்டு ஓட்டை நொறுக்கத்தான் லாயக்கு. அதற்காக வளையம் போட்ட எதையும் கையில் எடுத்துவிடாதீர்கள். உங்கள் கணிப்பு தவறினால் கையில் இருப்பது நரம்பைத் தாக்கும் விஷமுள்ள பாம்பு.

எதற்காக இந்த வேடம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. இது நகலெடுப்பது மஞ்சள் உதட்டுக் கடல்பாம்பை என்பார்கள். அந்தப் பாம்பின் முக்கிய உணவு என்ன தெரியுமா? விலாங்குகள்! தன் இனத்தாரைத் தின்பவனின் சட்டையையே போட்டுக்கொண்டு திரிகிறது இது. பெரிய மீன்கள் பாம்பென்று ஒதுங்கிவிடும் என்பது விளக்கம். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. செங்கடலில் கடல்பாம்பே கிடையாது. ஆனால் விலாங்கு அங்கும் அதே வளையங்களோடுதான் உலவுகிறது. அசலே இல்லாத ஊரில் நகலைக் கண்டு பயப்படுவது யார்? ஆகவே 'வேடம்' என்ற ஒரே சொல்லில் கதையை முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு' என்ற பழமொழி இதற்குத்தானே?

இல்லை அம்மா, அது நம் குளத்து, ஆற்று விலாங்கு, குடும்பமே வேறு. இதற்கு மீனிடம் காட்ட ஒழுங்கான வால்கூட இல்லை. நுனியில் துடுப்பு கிடையாது, கெட்டியான முனை மட்டும்தான். அதையே கடப்பாரையாக்கிப் பின்புறமாக மணலுக்குள் இறங்கிவிடும். மேலுதட்டில் கீழ்நோக்கிய இரண்டு குழல்கள் தெரியும்; அவை மூக்குத் துளைகள். வளைக்குள் பதுங்கிய நண்டை அந்த மோப்பத்தால்தான் பிடிக்கிறது.

குஞ்சுகளுக்கும் வளையம் இருக்குமா?

பிறந்தவுடன் இருக்காது. விலாங்கு இனங்கள் எல்லாமே கண்ணாடிபோல ஒளி ஊடுருவும், இலைபோன்ற தட்டையான இளம்பருவத்தோடுதான் தொடங்குகின்றன. நீரோட்டத்தோடு மிதந்து திரிந்து, பிறகுதான் உருண்ட உடம்பு பெற்று மணலுக்கு இறங்கும்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

மூடியில் விரல் நுழையும் இடுக்கு இருந்தால் போதும், மறுநாள் காலை அதைக் கட்டிலுக்கு அடியில் தேடுவீர்கள். வேண்டாம்.