தன்னம்பிக்கை முகாமும் இனர்ஷியாவும்

அன்புள்ள ஐயா,

ஆத்தூர் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளியில், பிளஸ் டூ மாணவர்களுக்கு நண்பர்களோடு சேர்ந்து இரண்டு நாள் தன்னம்பிக்கை முகாம் நடத்தப்போகிறேன். போன வருடம் கல்லூரிக்குப் போனவர்களில் நாலைந்து பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை இல்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை. முகாமில் கொடுக்க ஐந்து நல்ல புத்தகங்கள் சொல்ல முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்து, "இன்டர்னல் மார்க்குன்னா என்ன மாமா?" என்று கேட்டாள். அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவள். செமஸ்டர் பரீட்சை மட்டும்தான் கணக்கு என்று நினைத்து, நடுவில் கல்லூரி வைக்கும் டெஸ்டுக்கும் மார்க் உண்டு என்று தெரியாமல், முதல் டெஸ்டுக்கே போகவில்லை. இதில் தன்னம்பிக்கை எங்கே குறைந்தது? யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். கட்டணச் சலுகை வேண்டுமென்றால், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கே முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்று வாங்கியாக வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்கிற அம்மாவை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

உள்ளே போகும் வாசல் இப்போது எவ்வளவோ அகலம். மருத்துவத்தில் 2020-இல் வந்த ஒதுக்கீடு மறு வருடமே பொறியியலுக்கும் சட்டத்துக்கும் வந்தது. அதில் சேர்ந்தால் கட்டணமும் அரசுடையது. பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அரசுத் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது. சரி, உள்ளே போன பிறகு?

நான் தமிழ் வழியில் படித்தவன். பிளஸ் டூவில் இயற்பியலில் பள்ளி முதல். கல்லூரியில் முதல் வாரம் பேராசிரியர் 'இனர்ஷியா' என்றார். ஏதோ புதுப் பாடம் என்று பயந்துபோய்க் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்தேன். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தெரிந்த நிலைமம். தெரிந்த பாடத்தைப் பார்த்தே பயந்திருக்கிறேன், ச. அந்த செமஸ்டரில் மூன்று அரியர். ஊருக்கே போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டேன்.

என்னை நிறுத்தியது எந்தச் சொற்பொழிவும் இல்லை. விடுதியில் ஒரு சீனியர் அண்ணன், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டுக் கொடுத்தார். இடப்பக்கம் முடுக்கம், வலப்பக்கம் ஆக்சிலரேஷன். உந்தம், மொமென்டம். வகையிடல், டிஃபரன்ஷியேஷன். கடைசிப் பக்கத்தில் வேறொரு பட்டியல்: உதவித்தொகை விண்ணப்பத்துக்கு எந்த கிளார்க்கைப் பார்க்க வேண்டும், ரெக்கார்டு நோட்டில் எப்போது கையெழுத்து வாங்க வேண்டும், வருகைப்பதிவு எவ்வளவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

முகாமை ரத்து செய்யுங்கள் என்று சொல்லவில்லை. மேடையும் மைக்கும் வேண்டாம் என்கிறேன். அதே பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் இருக்கிற பத்துப் பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு மூன்று பிள்ளைகளைக் கொடுங்கள். முதல் செமஸ்டர் முடியும்வரை வாரம் ஒரு போன் போட்டுப் பேசட்டும். நின்றுபோன அந்த நாலைந்து பேர் வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எத்தனை அரியர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நோட்டை இரண்டு வருடம் கழித்து நானும் ஒரு ஜூனியருக்குக் கொடுத்துவிட்டேன். பின்னட்டையில் அண்ணன் எழுதிவைத்திருந்த மெஸ் பாக்கிக் கணக்கு அப்போதும் அழியாமல் இருந்தது.

புத்தகப் பட்டியலை அப்புறம் அனுப்புகிறேன்.