யாரிடம் கண்டிப்பு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் எட்டுப் பேரை வைத்து ஒரு சிறிய பட்டறை நடத்துகிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன். செல்போன் கம்பெனிகளுக்கு அரசு கொடுக்கும் ஊக்கத்தொகையால் நாடு வளருமா? தென்கொரியாவில் ராணுவ ஆட்சி நடத்திய பார்க் சுங் ஹீ தொழிற்சங்கங்களை அடக்கி வைத்ததால்தான் தொழில் வளர்ந்தது என்று நினைக்கிறேன். நமக்கும் அப்படி ஒருவர் வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

செல்போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2020இல் வந்த அந்த ஊக்கத்தொகைத் திட்டம் கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம் தருவதாக அறிவிக்கப்பட்டது. விற்றுக் காட்டினால்தான் பணம், அதுவரை சரி. உள்ளே இருக்கும் பாகங்களில் எத்தனையை இங்கே செய்தாய் என்றும் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் கடைசி வரி எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. பத்து மணி வரை பட்டறையில் நிற்கிற மனிதர் இப்படி எழுதலாமா? ஆப்பிரிக்காவில் சர்வாதிகாரி மொபுட்டு ஜைரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) 32 வருடம் அடக்கி ஆண்டார், அதேபோல மார்க்கோஸ் பிலிப்பைன்ஸை 20 வருடம் ஆண்டார், இரண்டு நாடும் கடனில்தான் மூழ்கின. கொரியாவில் நடந்ததைச் சரியாகப் பாருங்கள். 1961இல் ஆட்சியைப் பிடித்ததும் பார்க் வங்கிகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். குறைந்த வட்டிக்குக் கடன் வேண்டுமா, ஏற்றுமதி செய்து காட்டு. மாதாமாதம் கூட்டம் போட்டு அவரே உட்கார்ந்து கணக்குக் கேட்டார். 1964இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. பலன் தந்த கண்டிப்பு, கடன் வாங்கிய முதலாளியிடம் காட்டிய கண்டிப்பு. தொழிலாளியிடம் காட்டியது வெறும் கொடுமை. 1970 நவம்பரில் சோல் நகரத்தில் ஜியோன் டே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, ஏற்கனவே இருக்கிற தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று கத்திக்கொண்டே தீக்குளித்து இறந்தார். 1987இல் மக்கள் போராடி ஜனநாயகத்தைக் கொண்டுவந்தார்கள், சங்கங்கள் எழுந்தன, கூலி ஏறியது. கொரியா கவிழ்ந்துவிட்டதா? அதற்குப் பிறகுதான் சாம்சங் மெமரி சிப்பில் உலகத்தின் முதல் இடத்துக்குப் போனது.

இதை நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது அப்பாவின் பழைய வெர்னியர், நுணுக்கமாக அளக்கிற கருவி, கிடைத்தது. அன்றிலிருந்து இதே நினைப்பு.

அப்பா டர்னர், லேத் மிஷினில் இரும்பு கடைகிறவர். எண்பதுகளில் கோவைப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் வேலை பார்த்தார். முதலாளி அரசு மானியத்தில் ஒரு புது லேத் வாங்கினார். பலகைப் பெட்டியைப் பிரித்த அன்று அப்பா வீட்டுக்கு வந்து, அது எவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்து அம்மாவுக்குக் காட்டினார். அதற்குக் கரண்ட் கனெக்‌ஷனே கொடுக்கவில்லை. மானியம் கைக்கு வந்ததும் முதலாளியின் கவனம் நிலம் வாங்குவதில் போய்விட்டது. துரு ஏறக் கூடாது என்று அப்பா சனிக்கிழமைதோறும் அதை எண்ணெய் போட்டுத் துடைத்தார், இரண்டு வருடம். ஒரு அதிகாரிகூட வந்து, இதில் இதுவரை என்ன கடைந்தீர்கள் என்று கேட்கவில்லை. அப்புறம் லேத்தை விற்றார்கள், பட்டறையையும் மூடினார்கள். அப்பா சங்கத்தில் இருந்தார். சங்கம் வைத்ததால்தான் பட்டறை மூடிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கிட்டத்தட்ட நீங்கள் எழுதிய அதே வாக்கியம். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான்.

உங்கள் கடிதத்தில் அந்த எட்டுப் பேரும் ஒரு எண்ணாகத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன கூலி, யாருக்கு எந்த மிஷின் கைவந்திருக்கிறது, புதிதாக என்ன கற்றுக்கொண்டார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.